முறை வேண்டுவோரும் குறை வேண்டுவோரும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆங்கிலச் சொல்: 'ரிகோர்ஸ்'. வீட்டிலும் தெருவிலும் இது காதில் விழாது. ஒப்பந்தங்களிலும் கடன் பத்திரங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும்தான் இது குடியிருக்கிறது. பொருள் கேட்டால் 'உதவி நாடுதல்', 'புகலிடம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படிச் சொல்லும்போது அந்தச் சொல்லின் பாதிதான் தமிழுக்கு வந்து சேர்கிறது. வராமல் போன மறுபாதியைப் பற்றியே பேச விரும்புகிறேன். தீங்குற்றவர் நியாயம் கேட்டுப் போவதைக் குறிக்க நம் மொழியில் தனிச் சொல் இருந்தது. இல்லாதவர் உதவி கேட்டுப் போவதைக் குறிக்க வேறொரு சொல் இருந்தது. நம் ஆட்சித்தமிழ் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, முன்னதைப் பின்னதற்குள் கரைத்துவிட்டது. என் வாதம் இவ்வளவுதான். இதற்கான சான்றுகளையும், இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லையே பார்ப்போம். இதன் வேர் இலத்தீனில் 'திரும்ப ஓடுதல்' என்ற பொருளுடையது. எங்கே திரும்ப ஓடுவது என்பதை வணிகச் சட்டம் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு மாற்றுச் சீட்டு கைமாறும்போது ஒவ்வொருவரும் அதன் பின்புறம் கையெழுத்திட்டு அடுத்தவருக்குத் தருகிறார். கடைசியில் அதைக் கையில் வைத்திருப்பவர் பணம் கேட்டுப் போகிறார். பணம் தர வேண்டியவர் மறுத்துவிடுகிறார். அப்போது சீட்டை வைத்திருப்பவர் அதன் பின்புறத்தைத் திருப்பி, அங்குள்ள பெயர்களின் வழியே பின்னோக்கி நடக்கலாம். தமக்கு முன் கையெழுத்திட்டவரிடம் போய், நீங்கள் கொடுத்த சீட்டுக்கு நீங்கள் பொறுப்பு என்று கேட்கலாம். அந்த நடைதான் ரிகோர்ஸ். இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும் இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கையெழுத்திடுபவர் தம் பொறுப்பை விலக்கிக்கொள்ள விரும்பினால், 'ரிகோர்ஸ் இன்றி' என்று தம் கையெழுத்தோடு சேர்த்து எழுதிவிடலாம். அப்படி எழுதிவிட்டால் அவர் வீட்டு வாசல் பின்னால் வருபவருக்கு அடைபட்டுவிடும். ஆகவே இந்தச் சொல் வெறும் உதவியைக் குறிப்பதன்று. யாரிடம் போகலாம், எந்த வழியில் போகலாம், அந்த வழி திறந்திருக்கிறதா அடைபட்டிருக்கிறதா என்பதையெல்லாம் தனக்குள் வைத்திருக்கும் சொல் இது. நடப்பவர் தீங்குற்றவர். வழி அவருக்கு உரியது. அந்த வழியின் முடிவில் நிற்பவர் கருணையாளர் அல்லர். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இதன் உடன்பிறப்புகள் சிலவும் சட்ட ஆங்கிலத்தில் உண்டு. 'ரிட்ரெஸ்' என்பது சாய்ந்ததை மீண்டும் நிமிர்த்துதல். 'ரிலீஃப்' என்பது அழுத்தும் சுமையை மேலே தூக்குதல். 'ரெமடி' மருத்துவத்திலிருந்து வந்தது, நோய் நீக்குதல். இவற்றோடு எப்போதும் சேர்ந்து வரும் 'கிரீவன்ஸ்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அதன் வேர்ப்பொருள் பாரம். ஒருவர் தோளில் பாரம் இருக்கிறது என்றால், அதை ஏற்றியவர் யார் என்ற கேள்வி தானே எழும். நாம் அதைக் 'குறை' என்று மொழிபெயர்த்தோம். குறை என்றால் இல்லாமை. ஒருவரிடம் ஏதோ குறைகிறது என்று சொன்னால், அதற்கு யார் காரணம் என்ற கேள்வி எழுவதில்லை. குறை அவருடையதாகவே ஆகிவிடுகிறது. பாரம் ஏற்றியவர் காட்சியிலிருந்து மறைகிறார். கொடுத்து நிரப்பப் போகிறவர் நடுவே வந்து நிற்கிறார். ஒரே ஒரு பெயர்ச்சொல்லை மாற்றியதில் இவ்வளவும் நடந்துவிட்டது.

இது தமிழின் இயலாமை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. திருக்குறளில் இறைமாட்சி அதிகாரத்தில், அரசன் காண்பதற்கு எளியவனாக இருக்க வேண்டும் என்று வள்ளுவர் சொல்லும் இடம் ஒன்று உண்டு. யாருக்கு எளியவனாக என்று அவர் விரித்துச் சொல்லவில்லை. ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் உரை எழுதிய பரிமேலழகர் அந்த இடத்தில் நின்று, வருபவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். முறை வேண்டி வருபவர் ஒரு வகை. குறை வேண்டி வருபவர் இன்னொரு வகை. அதோடு அவர் நிற்கவில்லை. இருவரும் யார் என்றும் விளக்குகிறார். வலியவரால் நலிவுக்கு ஆளானவர் முறை வேண்டுபவர். வறுமையுற்று இரந்து நிற்பவர் குறை வேண்டுபவர். இந்தப் பாகுபாட்டின் நுட்பத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இருவரும் ஒரே வாசலுக்குத்தான் வருகிறார்கள். இருவர் முகத்திலும் துன்பம் இருக்கிறது. ஆனால் ஒருவருக்குத் தர வேண்டியது நீதி, மற்றவருக்குத் தர வேண்டியது பொருள். முதலாமவரின் துன்பத்துக்குப் பின்னால் ஒரு வலியவர் நிற்கிறார். அவரை அழைத்து விசாரிக்காமல் அந்தத் துன்பம் தீராது. இரண்டாமவரின் துன்பத்துக்கு ஈகை போதும். முதலாமவரிடம் ஈகையை நீட்டினால் அது அவருக்கு இரண்டாவது தீங்கு.

செங்கோன்மை அதிகாரத்திலும் இதே கருத்து வேறொரு முகத்தோடு வருகிறது. எளிதில் அணுகக் கூடியவனாக இருந்து, ஆராய்ந்து, முறை செய்யாத மன்னன் தாழ்ந்து தானே கெடுவான் என்கிறார் வள்ளுவர். அங்கே அவர் ஆளும் சொல் 'எண்பதம்'. அணுகுவதற்கு எளிய நிலை. இன்று சட்ட அறிஞர்கள் 'நீதிக்கான அணுகல்' என்று பேசுவதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. வாசல் எளிதாகத் திறக்க வேண்டும். திறந்தபின் ஆராய்ச்சி நடக்க வேண்டும். ஆராய்ந்தபின் முறை செய்ய வேண்டும். மூன்றில் எது விடுபட்டாலும் கேடு, வந்தவருக்கு மட்டுமில்லை, வாசலுக்குள் இருப்பவருக்கும்தான்.

இலக்கியத்தில் முறை வேண்டிப் போனவர் யார் என்று கேட்டால் எல்லோர் நினைவுக்கும் கண்ணகிதான் வருவாள். சிலப்பதிகாரத்தின் அந்தப் பகுதிக்கு 'வழக்குரை காதை' என்றே பெயர். பாண்டியன் அவையில் அவள் சொன்னவற்றை இன்றைய வழக்குரைஞர் ஒருவர் படித்தால் அதன் ஒழுங்கு புரியும். தான் யார், எந்த ஊர், கணவன் பெயர் என்ன, நடந்தது என்ன என்று சொல்கிறாள். அரசன் தன் தரப்பைச் சொன்னதும் சான்றுக்கு வருகிறாள்: தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. இந்த நிகழ்ச்சி முழுவதிலும் அவள் எதையும் யாசிக்கவில்லை. அழுத கண்ணோடு வந்தவள்தான். ஆனால் அழுகையை வாதமாக வைக்கவில்லை, சிலம்பை வைத்தாள்.

இனி மக்கள் பேச்சுக்கு வருவோம். ரிகோர்ஸ் என்ற சொல்லில் உள்ள நடையும் வழியும் நம் பேச்சு வழக்கில் ஏராளமாக இருக்கின்றன. 'போக்கிடம் இல்லை', 'வேறு கதி இல்லை', 'நாதி இல்லை', 'போய்ச் சொல்ல ஒரு வாசல் இல்லை' என்கிறோம். போக்கிடம் என்பது போவதற்கான இடம். கதி என்பதும் வடமொழியில் செல்லுதல் என்றே பொருள்படும். ஆங்கிலச் சொல்லின் வேரில் இருக்கும் அதே நகர்வு இவற்றிலும் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் நம் வாயில் பெரும்பாலும் 'இல்லை'யோடுதான் வருகின்றன. உடன்பாட்டில் சொல்வதென்றால் கடவுளிடம் சொல்கிறோம், 'நீயே கதி' என்று. போக்கிடம் இருக்கிறது, அது என் உரிமை என்று சொல்லும் வாக்கியம் நம் அன்றாடப் பேச்சில் தேடினாலும் அகப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக எந்த வாசலும் திறக்காத மக்களின் பேச்சில் அந்தச் சொல் அப்படித்தான் படிந்திருக்கும். மொழி இங்கே வரலாற்றைச் சொல்லுகிறது.

அலுவலகங்களுக்குப் போனால் வேறு சொற்கள். முகலாயர், நவாபு ஆட்சிகளின் வழியாக வந்த 'பிராது' பாரசீகத்தில் அபயக் குரல் என்று பொருள்படும் சொல்லின் திரிபு. 'புகார்' என்பதும் வடக்கே கூவி அழைத்தலைக் குறிக்கும் சொல். கண்ணகி பிறந்த புகார் நகரத்தின் பெயர் வேறு. தமிழ்நாட்டில் இன்றும் காவல் நிலையத்தில் கொடுப்பது புகார். ஆக, நாம் கொடுப்பது கூக்குரல். பாக்கு நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் காவல் நிலையத்துக்குப் போனால் அவர் செய்வது 'முறைப்பாடு'. அங்கே செய்தித்தாளும் அந்தச் சொல்லைத்தான் எழுதும், அலுவலகமும் அதைத்தான் எழுதும். அந்தத் தீவில் தமிழர்களின் முறைப்பாடுகளுக்கு எத்தகைய விடைகள் கிடைத்தன என்பதை நாம் அறிவோம். நல்ல சொல் இருந்தால் நல்ல நீதி கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் முறை என்ற அளவுகோல் இருக்கிறது. நடந்தது முறையன்று என்ற தீர்மானம், சொல்பவர் வாயைத் திறக்கும்போதே ஒலிக்கிறது.

இப்போது நம் ஆட்சித்தமிழ் இந்தச் சட்டச் சொற்களுக்கு என்ன வைத்திருக்கிறது என்று பார்ப்போம். 'நிவாரணம்' என்பது தடுத்தல், விலக்குதல் என்ற வடசொல். புயல் நிவாரணம், வெள்ள நிவாரணம், முதலமைச்சர் நிவாரண நிதி என்று பழகிப் பழகி, அது இன்று அரசு தன் மனமுவந்து தரும் தொகை என்றே காதில் விழுகிறது. உரிமையியல் நீதிமன்றங்களில் 'பரிகாரம்' வழங்குகிறது. வழக்குரையில் விளம்புகைப் பரிகாரம், நிரந்தர உறுத்துக் கட்டளைப் பரிகாரம் என்றெல்லாம் கோருகிறார்கள். பல்லவர் காலச் செப்பேடுகளில் இதே சொல் வரிவிலக்கைக் குறித்தது. அப்போதே அதற்கு ஒரு சட்டப் பொருள் இருந்தது. ஆனால் நீதிமன்ற வளாகத்தைத் தாண்டிய மறுகணம் பரிகாரம் என்றால் தோஷத்துக்குச் செய்வது. நிலத்தைப் பறிகொடுத்தவர் கோருவதும் செவ்வாய் தோஷத்துக்கு வேண்டிக்கொள்வதும் ஒரே பெயரில் நடக்கின்றன. 'தீர்வு' என்ற சொல் நல்ல தமிழ். ஆனால் அது முடிவைச் சொல்கிறதே ஒழிய வழியைச் சொல்வதில்லை. 'மனுவுக்குத் தீர்வு காணப்பட்டது' என்ற வாக்கியத்தில் யார் கண்டார் என்று இல்லை. என்ன கண்டார் என்றும் இல்லை. ஏற்கப்பட்ட மனுவும் தள்ளப்பட்ட மனுவும் முடிந்துவிட்ட மனு என்ற ஒரே கணக்கில் சேர இந்தச் சொல் வசதி செய்து தருகிறது.

இவற்றுள் என்னை மிகவும் வருத்தும் சொல் 'தீருதவி'. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் விதிகள் வகுக்கப்பட்டன. எந்தக் கொடுமைக்கு எவ்வளவு தொகை, அது எந்தக் கட்டத்தில் எவ்வளவு விழுக்காடு தரப்பட வேண்டும் என்று அந்த விதிகளின் அட்டவணையே சொல்கிறது. மாவட்ட நிருவாகம் விரும்பினால் தரலாம் என்ற ஏற்பாடு அன்று அது. தர வேண்டும் என்ற கடமை. அப்படிப்பட்ட தொகைக்குத் தமிழில் உதவி என்று முடியும் பெயரை வைத்திருக்கிறோம். வீடு எரிக்கப்பட்டவர், தாக்கப்பட்டவர், சாதியின் பெயரால் இழிவு செய்யப்பட்டவர் பெறுவது உதவியா? இத்தனைக்கும் 'இழப்பீடு' என்ற அருமையான சொல் பக்கத்திலேயே இருக்கிறது. இழந்ததற்கு ஈடு. அதில் இழந்தவரும் இருக்கிறார், இழப்பும் இருக்கிறது, அளவும் இருக்கிறது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் கூட்டத்துக்கு 'மக்கள் குறைதீர்க்கும் நாள்' என்று பெயர். முதியோர் ஓய்வூதியம் கேட்டு வருபவரும், வீட்டுமனைப் பட்டா கேட்டு வருபவரும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். தம் பட்டா நிலத்தை ஊர்ப் பெரியவர் வேலி போட்டு வளைத்துக்கொண்டார் என்று சொல்ல வருபவரும், வேலை செய்த கூலியைத் தர மறுக்கிறார்கள் என்று சொல்ல வருபவரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். பரிமேலழகர் பிரித்த இருவரையும் நாம் ஒரே பெயரில் சேர்த்துவிட்டோம். மனுவின் நடையும் இருவருக்கும் ஒன்றே. தாழ்மையுடன் வேண்டிக்கொள்வதும், கருணை கூர்ந்து ஆவன செய்யக் கோருவதும் இல்லாத மனு முழுமையான மனுவாகவே கருதப்படுவதில்லை. நிலத்தை இழந்தவர் எதற்குத் தாழ்மை காட்ட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எழுதிக் கொடுப்பவரும் கேட்பதில்லை, வாங்கிக்கொள்பவரும் கேட்பதில்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். ஆங்கிலச் சட்டமொழி மட்டும் தலைநிமிர்ந்து நிற்கிறதா? அதன் மனுக்களில் இறுதிப் பகுதிக்கே 'பிரேயர்', அதாவது வேண்டுதல் என்றல்லவா பெயர்? நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் அரசின் மீது வழக்குத் தொடுப்பது என்பதே நெடுங்காலம் இயலாததாக இருந்தது. ஒப்பந்தத்தை மீறிய அரசிடம் நியாயம் கேட்பதற்குக்கூட, உரிமை மனு என்ற பெயரில் விண்ணப்பித்து, அரசரின் இசைவு பெற்ற பிறகே நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. 1947இல் இயற்றப்பட்ட சட்டம்தான் அந்த நிலையை மாற்றியது. ஆகவே அந்த மொழியும் மண்டியிட்டு எழுந்த மொழிதான். ஆனால் அது எழுந்தது. மன்னரின் அருளால் கிடைத்துவந்தவை ஒவ்வொன்றாகச் சட்ட உரிமைகளாக மாறியபோது, சொற்களும் அந்தப் புதுப்பொருளை ஏற்றுக்கொண்டன. நம்மிடம் நடந்தது இதற்குத் தலைகீழ். சட்டம் உரிமையைத் தந்துவிட்ட பிறகும், அதைச் சொல்லும் தமிழ் அருளின் மொழியாகவே நின்றுவிட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. முறை, முறை என்கிறீர்களே, அந்தப் பழைய முறை யாருக்கு முறையாக இருந்தது? முறை என்றால் வரிசை, வழக்கம், இன்னார்க்கு இன்னது என்ற ஏற்பாடு. கோயிலுக்குள் யார் வரலாம், குளத்தில் யார் நீர் எடுக்கலாம் என்று விதித்ததும் ஊர் முறைதானே? இதை நான் மறுக்கவில்லை. மறுப்பது நேர்மையும் ஆகாது. ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரில் நடந்த கொடுமைகளுக்கு இந்தச் சொல்லும் உடந்தையாக இருந்திருக்கிறது. ஆனால் சொல் பழைய வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. எது முறை என்பதை இன்று நமக்குச் சொல்வது ஊரும் வழக்கமும் அல்ல, அரசமைப்புச் சட்டம். அதன் 32ஆம் உறுப்பின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்படிப் போவதே ஓர் அடிப்படை உரிமை. 1948 டிசம்பர் 9ஆம் நாள் அரசமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர், எல்லாவற்றிலும் இன்றியமையாத உறுப்பு எது என்று தம்மைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன் என்றும், இது இல்லாவிட்டால் இந்தச் சட்டமே பயனற்றுப் போகும் என்றும் பேசினார். உரிமைகளின் பட்டியலை அவர் சுட்டவில்லை. உரிமை பறிபோகும்போது நடந்து போவதற்கான வழியைச் சுட்டினார். போக்கிடம் மறுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்தவருக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. வள்ளுவரின் முறைக்குள் அம்பேத்கரின் பொருளை வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. சட்டத்தமிழ் அறிஞர்கள் உருவாக்கிய 'தீர்வழி' என்ற சொல்லையும் இங்கே நன்றியோடு நினைக்கிறேன். தீர்வோடு வழியையும் சேர்த்தவர்கள் அவர்கள். அது இன்னும் பரவலாக வழக்குக்கு வராதது வருத்தம்.

சொல்லை மாற்றினால் அலுவலகம் மாறிவிடுமா என்பது மூன்றாவது மறுப்பு. நடைமுறை அறிந்தவர்கள் பலரும் இதைத்தான் சொல்வார்கள். மாறிவிடும் என்று நான் வாக்களிக்கவில்லை. ஆனால் வழியும் மொழியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு நீதிமன்றமே சான்று தந்திருக்கிறது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு அதற்கான காரணங்களைத் தெரிவித்து, எதிர்முறையீடு செய்ய விரைவில் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22ஆம் உறுப்பு. ஆங்கிலம் அறியாத ஒருவருக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. அவர் இந்தியில் கேட்டார், மறுக்கப்பட்டது. காவல் அதிகாரி வாய்மொழியாக விளக்கிவிட்டார், அதுவே போதும் என்று வாதிட்டது அரசு. 1962இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. புரியும் மொழியில் எழுத்தில் தராவிட்டால், முறையிடும் வாய்ப்பைத் தந்ததாகவே ஆகாது என்று அவரை விடுவித்தது. மொழி என்பது வழிக்குப் போட்ட அலங்காரம் என்றால் இந்தத் தீர்ப்புக்கு இடமே இல்லை. மொழி தடைபட்ட இடத்தில் வழியே இல்லை என்றுதான் நீதிமன்றம் கண்டது.

350ஆம் உறுப்பும் இதையே வேறு விதத்தில் சொல்கிறது. தமக்கு நேர்ந்ததற்கு நியாயம் கேட்டு ஒன்றியத்தின் அல்லது மாநிலத்தின் எந்த அதிகாரிக்கும், அங்கு வழங்கும் எந்த மொழியிலும் எழுத ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. இந்தியில் எழுதினால்தான் படிப்போம் என்றோ, ஆங்கிலத்தில் கொண்டுவாருங்கள் என்றோ ஓர் ஒன்றிய அரசு அலுவலகம் தமிழ்க் கடிதத்தைத் திருப்பினால், அது இந்த உறுப்பை மீறுகிறது. இது பலருக்கும் தெரிவதில்லை. ஆனால் மேலே ஏற ஏற இந்த உரிமை மெலிகிறது. 348ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியையும் அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அந்த இசைவு கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் கூடி, தமிழ்நாட்டோடு வேறு சில மாநிலங்களின் கோரிக்கைகளையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். கீழமை நீதிமன்றத்தில் தமிழில் சாட்சியம் சொன்னவர், மேல்முறையீட்டில் தம் சொற்களையே வேறொருவர் மொழிபெயர்ப்பில் கேட்க வேண்டியிருக்கிறது. அதுவும் அவருக்குப் புரிவதில்லை. எண்பதம் என்று வள்ளுவர் சொன்னது இதையன்று.

கடைசி மறுப்பு, மக்கள் ஆங்கிலச் சொற்களையே இயல்பாகப் பேசுகிறார்களே என்பது. பெட்டிஷன் போடுகிறோம், கேஸ் போடுகிறோம், ஸ்டே வாங்குகிறோம். இவற்றை விலக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு சொல்லை மக்கள் தங்கள் கைக்கருவியாக ஆக்கிக்கொண்டபின் அது எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம் செய்தி. ஸ்டே வாங்கியவர் அதன் வலிமையை அறிந்தே சொல்கிறார். ரிகோர்ஸும் ரிட்ரெஸும் அப்படி ஆகவில்லை. கையெழுத்திடுபவருக்குப் புரியாத பக்கங்களில் அவை இருக்கின்றன. அவரது வழி திறப்பதும் மூடுவதும் அந்தப் பக்கங்களில் நடக்கிறது. இத்தகைய இடங்களில்தான் தமிழ்ச் சொல் வேண்டும். அது நிலைக்குமா என்று ஐயுறுவோர் 'ஆட்கொணர்வு மனு'வை நினைத்துப் பார்க்கலாம். இலத்தீனில் வழங்கும் ஒரு நீதிப்பேராணையின் பெயரை, ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்ற கட்டளையாகவே தமிழாக்கினார்கள். இன்று பிள்ளையைக் காணாத தாயும் அதைச் சொல்கிறார், செய்தித்தாளும் எழுதுகிறது. அந்த மனுவைப் போடுபவர் கருணையை வேண்டுவதில்லை. ஆளைக் கொண்டுவா என்கிறார்.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், மிகச் சிறிய ஒரு வேலையைத்தான் சொல்வேன். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஓர் அரிய ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. விண்ணப்பத்தை மறுக்கும் அலுவலர் மறுத்தால் மட்டும் போதாது. மறுத்ததற்கான காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பது, யாரிடம் செய்ய வேண்டும் என்பது ஆகிய மூன்றையும் அந்தக் கடிதத்திலேயே எழுத வேண்டும். முதல் முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதற்கு 90 நாள். இல்லை என்று சொல்பவரே, அடுத்து எங்கே போகலாம் என்ற வழியையும் காட்டக் கடமைப்பட்டவர். ரிகோர்ஸ் என்ற சொல்லின் முழுப் பொருளும் இந்த ஏற்பாட்டில் இறங்கியிருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகம் பட்டா மாற்றத்தை மறுக்கும்போதும், நலவாரியம் ஒரு கட்டுமானத் தொழிலாளியின் விண்ணப்பத்தைத் தள்ளும்போதும், பல்கலைக்கழகம் ஒரு மாணவரின் உதவித்தொகையை நிறுத்தும்போதும் இதையே செய்ய என்ன தடை? ஆணையின் அடியில், 'முறையிடும் வழி' என்று தலைப்பிட்டு, பதவியின் பெயர், முகவரி, நாள் கணக்கு ஆகியவற்றைத் தமிழில் எழுத இரண்டு வரிகள் போதும். திங்கட்கிழமைப் பதிவேட்டிலும் இரண்டு பத்திகள் இருக்கட்டும்: ஒன்று குறை வேண்டியவை, மற்றது முறை வேண்டியவை. முறைப் பத்தியில் பதியும் ஒவ்வொரு மனுவுக்கும் எதிர்த்தரப்பின் பெயருக்கு ஒரு கட்டம் விட வேண்டும். அந்தக் கட்டம் நிரம்பாமல் அந்த மனுவை முடிந்ததாக எண்ணக் கூடாது.

இந்தப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையும் சட்டத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டு துறை மாணவர்களும் சேர்ந்து, இந்த மாவட்டத்தின் அலுவலகங்கள் பொதுமக்களுக்கு அனுப்பும் மறுப்புக் கடிதங்களின் படிவங்களைத் திரட்டலாம். எந்தப் படிவத்தில் முறையிடும் வழி எழுதப்பட்டிருக்கிறது, எதில் இல்லை, எது ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது என்று பிரிக்கலாம். விடுபட்ட இடங்களில் எழுத வேண்டிய வாக்கியத்தையும் அவர்களே உருவாக்கித் தரலாம். அந்த வாக்கியத்தில் 'கருணை', 'தாழ்மை', 'உதவி' என்ற மூன்று சொற்களும் வேண்டாம்.